பட்டாளத்துக்குப் போனவரைத் தேடும் வழி

நாரணாபுரம்,
சிவகாசி வட்டம்.

அன்புப் பேத்திக்கு,

பிரிட்டிஷ் இந்தியப் படையில் சிப்பாயாக இருந்த ஒருவரின் பணிப்பதிவு லண்டனில் கிடைக்காது. 1947இல் படை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் பிரிக்கப்பட்டபோது, சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரையிலானவர்களின் ஏடுகள் அந்தந்த ரெஜிமெண்டோடு தங்கின. ரெஜிமெண்ட் இந்தியாவுக்கு வந்திருந்தால் ஏடும் இங்கே. பாகிஸ்தானுக்குப் போயிருந்தால் ஏடும் அங்கே. லண்டனுக்குப் போனவை வேறு வகைக் காகிதங்கள்: அதிகாரிகளின் பணிப்பதிவுகள், படைப்பிரிவுகளின் அன்றாட டைரிகள், விருதுப் பரிந்துரைகள், உளவுக் கோப்புகள். இந்த வேறுபாடு தெரியாமல் லண்டன் ஆவணக் காப்பகத்தின் தேடுபெட்டியில் பெயரைத் தட்டிப் பார்த்து, ஒன்றும் வராமல், அவர் பட்டாளத்துக்கே போகவில்லையோ என்று சந்தேகப்படும் குடும்பங்கள் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. தேடும் வரிசைதான் மாற வேண்டும்: முதலில் வீடு, அடுத்து ரெக்கார்ட் ஆபீஸ், அதற்குப் பிறகே லண்டன்.

வீட்டில் தேட வேண்டியது ரெஜிமெண்ட் நம்பரும் படைப்பிரிவின் பெயரும். ஆளின் பெயரைவிட நம்பர் முக்கியம். பழைய இந்தியப் படையில் ஒவ்வொரு ரெஜிமெண்டும் தனக்கென்று நம்பர் போட்டுக்கொண்டது. ஆகவே ஒரே நம்பர் இரண்டு ரெஜிமெண்டுகளில் இரண்டு பேருக்கு இருக்கலாம். நம்பரும் பிரிவும் சேர்ந்தால்தான் ஆள் யார் என்று உறுதியாகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சில பிரிவுகளில் நம்பருக்கு முன்னால் எழுத்துகளும் வந்தன. போக்குவரத்து, ரேஷன் பணிகளைக் கவனித்த ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரில் மோட்டார் ஓட்டியவர்களின் நம்பர் ‘எம்.டி.’ என்று தொடங்குவதுண்டு. அந்த எழுத்துகளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் குறித்துக்கொள்வது பாதி முகவரி எழுதிய கடிதத்தைத் தபாலில் போடுவது போன்றது.

டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. நம்பர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகியதற்கான காரணம், உடல் அடையாளம், சில சமயம் பெற்ற மெடல்கள் வரை அதில் இருக்கும். அது இல்லாத வீடுகளில் பென்சன் புத்தகம், மணியார்டர் கூப்பன், பட்டாளத்திலிருந்து வந்த கடித உறை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கடித உறையில் ஊர்ப் பெயர் இராது. எதிரிக்குத் தெரியக் கூடாது என்று எடுத்துவிடுவார்கள். ஆனால் ‘எஃப்.பி.ஓ.’ என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் முத்திரையில் இருக்கும். அது போர்க்கள அஞ்சலகத்தின் எண். எந்தத் தேதியில் எந்த எண் எந்த ஊரில் இயங்கியது என்ற பட்டியல்களை அஞ்சல்தலை சேகரிப்போர் அச்சிட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு தெளிவான முத்திரை ஒரு மனிதரை எகிப்திலோ இம்பாலிலோ நிறுத்திக் காட்டிவிடும்.

மெடல்கள் அதைவிட உறுதியான சாட்சி. முதல் உலகப் போருக்குக் கொடுத்த வட்ட வடிவ வெள்ளி மெடலின் விளிம்பில் நம்பர், பதவி, பெயர், ரெஜிமெண்ட் நான்கும் பொறிக்கப்பட்டிருக்கும். சுமைதூக்கியாகவும் தொழிலாளர் படை ஆளாகவும் போனவர்களுக்கு அதே மெடல் வெண்கலத்தில் தரப்பட்டது. ஆகவே உலோகமே அவர் செய்த வேலையைச் சொல்லும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்த மெடல்களை இந்தியா பெரும்பாலும் பெயர் பொறித்தே கொடுத்தது. அந்தப் போரின் நட்சத்திர மெடல்கள் சென்ற களத்தையும் காட்டும். பர்மா ஸ்டார் 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான பர்மாப் போருக்கு உரியது. ஆப்பிரிக்கா ஸ்டார் 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை. இத்தாலி ஸ்டார் 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரை. நட்சத்திரம் எதுவும் இல்லாமல் இந்தியா சர்வீஸ் மெடல் இருந்தால், அவர் மூன்று வருடமாவது இந்திய மண்ணிலேயே பணியாற்றியவர் என்று பொருள். விளிம்பை விபூதியோ புளியோ போட்டுத் தேய்க்கக் கூடாது, எழுத்து போய்விடும். வெள்ளி மெடல்கள் பல ஊர்களில் அடகுக் கடைக்கும் உருக்கு மூசைக்கும் போய்விட்டன. மிஞ்சியிருப்பதை விற்பது ஒரு மனிதரின் கடைசிக் கையெழுத்தை விற்பதற்குச் சமம்.

பழைய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் தோள்பட்டையில் எழுத்தோ சட்டைக் கையில் டிவிஷன் சின்னமோ தெரியக்கூடும். சிவப்புக் கழுகு 4ஆவது இந்திய டிவிஷனுக்கு, கறுப்புப் பூனை 17ஆவதுக்கு, குத்துவாள் 19ஆவதுக்கு. போட்டோவின் பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் ஊரும் தெரிந்துவிடும்.

ஊர்ப் பெயரில்தான் விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பங்கள் அதிகம் வழி தவறுகின்றன. இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985இல் பிறந்தது; முதலில் காமராஜர் மாவட்டம் என்று பெயர். அதற்கு முன் இந்தப் பகுதி ராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டமே 1910இல்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்கள் அதற்கு முன்னால் திருநெல்வேலிச் சீமை. ஆகவே 1910க்கு முன்பே படையில் சேர்ந்த ஒருவரின் ஏட்டில் மாவட்டம் ‘தின்னவேலி’ என்று இருக்கும். 1940இல் சேர்ந்தவருக்கு ‘ராம்நாட்’ என்று இருக்கும். விருதுநகர் என்ற பெயரும் 1923இல் வந்ததுதான். முதல் போர்க் காலத்துக் காகிதங்களில் அது விருதுபட்டி. சிவகாசியை அந்த நாளில் சாத்தூர் தாலுகாவோடு சேர்த்து எழுதினார்கள். நாரணாபுரத்தை வெள்ளைக்கார எழுத்தர் நாராயணபுரம் என்று திருத்தி எழுதியிருக்கவும் கூடும். அந்தப் பெயரில் தமிழ்நாட்டில் ஊர்கள் ஏராளம். ஊர்ப் பெயரை மட்டும் கொண்டு தேடினால் வேறு மாவட்டத்துக்காரர் அகப்படுவார். தாலுகாவும் அஞ்சலும் சேர வேண்டும்.

ஆள் பெயரும் அப்படியே. ஊரில் இனிஷியலாக நிற்கும் தகப்பனார் பெயர் படை ஏட்டில் ‘இன்னாரின் மகன்’ என்று தனிப் பத்தியில் போகும். எழுத்தர் காதில் விழுந்ததே ஆங்கில எழுத்தில் ஏறியது: முத்துச்சாமியின் சாமி சுவாமியாகும், மாரியப்பன் கடைசி ஒற்றை இழந்து மாரியப்பாவாகும், ழகரம் லகரமாகவோ ரகரமாகவோ மாறும். கணினியில் தேடும்போது பெயரின் முதல் நாலைந்து எழுத்துகளை மட்டும் போட்டு, மிச்சத்துக்கு நட்சத்திரக் குறி இடுவது பயன் தரும். வயதை நம்பித் தேடக் கூடாது. சேரும்போது கூட்டியும் குறைத்தும் சொன்னார்கள். சாதிக்கும் ஒரு பத்தி இருக்கும். எந்தச் சாதியிலிருந்து எத்தனை பேர் என்று கணக்கு வைத்து ஆள் எடுத்த படை அது. இன்று படிக்க மனம் ஒப்பாத சொற்களும் அந்தப் பத்தியில் இருக்கும். ஒரே பெயருள்ள இரண்டு பேரைப் பிரித்தறிய உதவும் என்பதால் அதையும் உள்ளபடியே படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

நம்பர் எதுவும் கிடைக்காத நிலையில் எந்தப் படைப்பிரிவு என்று யூகிக்கச் சென்னைப் படையின் வரலாறு தேவை. 1857க்குப் பிறகு ஆங்கிலேயத் தளபதிகள் வடமேற்கிலும் நேபாளத்திலும் உள்ளவர்களையே ‘போர் இனம்’ என்று கருதினார்கள். 1880களில் சென்னைப் படைக்குத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ் பிரபு தென்னிந்தியர் போருக்கு ஆகாதவர் என்று உறுதியாக நம்பியவர். அதன் விளைவாகச் சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. மிஞ்சியவை முதல் உலகப் போரில் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 73, 75, 79ஆவது கர்நாடிக் இன்ஃபன்ட்ரி, 61, 64, 81ஆவது பயனியர்கள் போன்ற பெயர்களில் இருந்தன. அந்தப் போருக்குச் சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களாகவும் படைசார்ந்த வேலையாட்களாகவும் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். நம் பக்கத்தவர் போனதற்குக் காரணம் உண்டு. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923இல்தான் தொடங்கியது. அதற்கு முந்திய கரிசல் காட்டில் மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்த்தது. மாதம் பிறந்தால் வீட்டுக்கு மணியார்டர் வரும் வேலை என்பது சிறிய காரியமாக இருக்கவில்லை.

1920களின் இறுதிக்குள் எஞ்சிய சென்னைக் காலாட்படையும் கலைக்கப்பட்டது. போர் மூண்ட பிறகு 1941இல்தான் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுந்தது. ஆகவே இரண்டாம் உலகப் போரில் தமிழர்களில் பெரும்பாலோர் துப்பாக்கி ஏந்திய காலாட்படையில் இல்லை. பாலம் கட்டிய சாப்பர், லாரி ஓட்டிய டிரைவர், சிக்னல்காரர், ஆர்டினன்ஸ் கிடங்குக்காரர், மருத்துவமனைச் சிப்பாய், ரோடு போட்ட பயனியர் ஆகியோராகவே இருந்தார்கள். தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்றவுடன் மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு மட்டும் எழுதிவிட்டு ஓய்ந்துவிடுகிறவர்கள் தவறான கதவைத் தட்டுகிறார்கள். அவர் லாரியைப் பற்றிப் பேசினாரா, பாலத்தைப் பற்றிப் பேசினாரா, ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினாரா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்பது எந்த இணையதளத்தையும்விட விரைவில் விடை தரும்.

இனி ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஏடுகள் நீலகிரியில் வெலிங்டனில் உள்ளன. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் ஏடுகள் பெங்களூரில். பயனியர் கோரின் நிலையமும் பெங்களூரே. ஆர்டினன்ஸ் என்றால் செகந்திராபாத், மருத்துவப் படை என்றால் லக்னோ, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப்படை என்றால் நாசிக். விண்ணப்பம் ரெக்கார்ட்ஸ் பொறுப்பு அதிகாரியின் பெயருக்குப் போக வேண்டும். நம்பர், பதவி, பெயரின் எல்லா எழுத்து வடிவங்களும், தகப்பனார் பெயர், பழைய தாலுகாவோடும் பழைய மாவட்டத்தோடும் ஊர், சேர்ந்த காலமும் விலகிய காலமும் தோராயமாக, விண்ணப்பிப்பவருக்கு என்ன உறவு, அதற்குச் சான்று ஆகியவை அதில் இருக்க வேண்டும். மூலக் காகிதத்தை ஒருநாளும் அனுப்பக் கூடாது, நகல் போதும். எதற்காகக் கேட்கிறோம் என்பதையும் ஒரு வரியில் எழுதுவது நல்லது. பென்சன் கோரிக்கையோ என்று எண்ணி மனுவை வேறு மேசைக்குத் தள்ளும் பழக்கம் அலுவலகங்களில் உண்டு. குடும்ப வரலாற்றுக்காக என்று தெளிவாகச் சொன்னால் அந்தச் சுற்று மிச்சமாகும். பதில் வராத நிலையில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுச் செய்ய வழி இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் பலருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு சிப்பாய்க்கும் ‘ஷீட் ரோல்’ என்ற விரிவான தனி ஏடு இருந்தது: மருத்துவப் பரிசோதனை, பயிற்சி, இடமாற்றம், தண்டனை, விடுப்பு, வாரிசு எல்லாம் அதில் ஏறும். பென்சன் பெறாமல் விலகியவர்களின் ஷீட் ரோலைக் குறிப்பிட்ட ஆண்டுகள், பொதுவாக 25, கழிந்ததும் அழித்துவிடலாம் என்பது படை விதி. போருக்கென்று எடுக்கப்பட்டு 1945, 1946இல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்கள் இந்த வகையினர். அதனால்தான் ‘ஆவணம் அழிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரிப் பதில் இத்தனை வீடுகளுக்கு வருகிறது. ஆனால் ‘லாங் ரோல்’ என்ற பெரும் பேரேடு தனியாக இருக்கிறது; அது நிரந்தரமாகக் காக்கப்படுவது. நம்பர், பெயர், தகப்பனார் பெயர், ஊர், சேர்ந்த நாள், விலகிய நாள், காரணம் என்று ஓர் ஆளுக்கு ஒரு வரிதான் அதில் இருக்கும். அந்த ஒரு வரியே போதும். முதல் விண்ணப்பத்திலேயே ஷீட் ரோல் இல்லையெனில் லாங் ரோல் பதிவின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று எழுதிவிட்டால் இரண்டாம் முறை அலைய வேண்டியதில்லை.

மாவட்டத்திலும் ஒரு கதவு உண்டு. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிப் பென்சன் பெறாத முதியவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் அரசு உதவித்தொகை வழங்கிய கோப்புகள் உண்டு. உதவி பெற்ற பாட்டி ஒருவர் குடும்பத்தில் இருந்திருந்தால், அவர் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் அந்தக் கோப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். பட்டாளத்தாருக்கு ஒதுக்கிய நிலம் என்று குடும்பத்தில் பேச்சிருந்தால் தாசில்தார் அலுவலகத்தின் பழைய ஒப்படைப்புப் பதிவுகளைப் பார்க்கலாம். அதற்கான அரசாணைகள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஆண்டு வாரியாக உள்ளன. டெல்லியிலுள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் ராணுவத் துறைக் கோப்புகள் இருக்கின்றன. அவற்றின் பட்டியலை ‘அபிலேக் படல்’ என்ற அதன் இணையவாயிலில் வீட்டிலிருந்தே பார்க்க முடியும்.

படைப்பிரிவும் காலமும் உறுதியான பிறகு லண்டன் ஆவணங்கள் பேசத் தொடங்கும். அங்கே இரண்டு இடங்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் உள்ளன: இந்தியப் படை அதிகாரிகளின் பணிப்பதிவுகள், 19ஆம் நூற்றாண்டுப் போர்களின் மெடல் பட்டியல்கள், முதல் போரின்போது பிரான்ஸிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்துத் தொகுத்த அறிக்கைகள். கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் போர்த்துறை ஏடுகள். இவற்றில் சாதாரணச் சிப்பாயின் குடும்பத்துக்கு மிகவும் பயன்படுவது ‘வார் டைரி’. ஒவ்வொரு பிரிவும் களத்தில் இருந்தபோது நாள்தோறும் எங்கே முகாம், எத்தனை மைல் நடை, என்ன வேலை, எத்தனை பேர் இறப்பு என்று அதிகாரி ஒருவர் எழுதிவந்த குறிப்பு அது. முதல் போருக்கு ‘டபிள்யூ.ஓ. 95’ என்ற வரிசை. இரண்டாம் போரில் மத்திய கிழக்கும் வட ஆப்பிரிக்காவும் என்றால் 169, இத்தாலி என்றால் 170, பர்மாவும் தென்கிழக்கு ஆசியாவும் என்றால் 172. சிப்பாயின் பெயர் பெரும்பாலும் இராது. ‘மற்றப் பதவியினர் இருவர் மரணம்’ என்று எண்ணிக்கையாகவே இருக்கும். ஆனால் 1944 ஏப்ரலில் அவர் இருந்த கம்பெனி எந்த ஆற்றங்கரையில் கிடந்தது, மழையில் எத்தனை நாள் ரேஷன் வரவில்லை என்று அதில் தெரியும். பெயர் தெரிந்தும் வாழ்க்கை தெரியாத ஒருவருக்கு வாழ்க்கையைத் திருப்பித் தருவது இந்த ஏடுதான்.

அந்த ஏட்டை எழுதியவர் அதிகாரி என்பதை மறந்துவிட்டுப் படிக்கலாகாது. 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியை 1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்காப்பிரிக்காவின் டாங்காத் துறைமுகத்தில் இறக்கினார்கள். இன்றைக்கு அது தான்சானியா. வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்த ஆட்கள், புதிய தளபதிகள், எதிரே தயாராக நின்ற இயந்திரத் துப்பாக்கிகள். சண்டை மூன்றே நாளில் தோல்வியில் முடிந்தது. தளபதியின் அறிக்கையும் பிறகு வந்த எழுத்துகளும் பழியின் பெரும்பகுதியை இந்தியச் சிப்பாய்கள் மேல் போட்டன. எதிரி முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டதும், வேவு பார்க்காமல் ஆட்களைக் கரையிறக்கியதும் தளபதிகளின் குற்றம் என்பது பின்னர்தான் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த ரெஜிமெண்டில் இருந்த ஒருவரின் பேரன் இந்தக் காகிதங்களைப் படிக்கும்போது, ஓடினார்கள் என்ற சொல்லைக் கண்டு தலைகுனிய வேண்டியதில்லை. எழுதியவர் யார், யாரைக் காப்பாற்ற எழுதினார் என்று கேட்டுவிட்டு மேலே படிக்க வேண்டும்.

வீர விருது பெற்றவர் என்றால் பாதை சுலபம். லண்டன் கெஜட்டிலும் இந்திய கெஜட்டிலும் பெயர் வெளிவந்திருக்கும். இரண்டாம் போருக்கான விருதுப் பரிந்துரைகள் ‘டபிள்யூ.ஓ. 373’ வரிசையில் முழு விவரத்தோடு உள்ளன. மெட்ராஸ் சாப்பர்ஸின் 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தாமே விழுந்து உடனிருந்தவர்களைக் காத்தார். அவருக்கு இறந்த பின் ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. அந்தச் செயல் இன்று வரை தெரிவதற்குக் காரணம் ஒரு மேலதிகாரி அதை உடனே எழுத்தில் வைத்ததுதான். எழுத ஆளில்லாத இடங்களிலும் இதே போன்றவர்கள் இருந்தார்கள்.

இறந்தவர்களுக்குத் தனி வழி. 1917இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இரண்டு போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரின் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் அடங்குவர். உயிரோடு திரும்பியவர்களை அதில் தேடிப் பயனில்லை. இந்துச் சிப்பாய்கள் பலர் எரியூட்டப்பட்டதால் கல்லறை இராது. பெயர் நினைவுச் சுவரில் இருக்கும். பர்மாவில் மறைந்தவர்களுக்கு ரங்கூன் அருகே டாக்கியானில் ஏறக்குறைய 27 ஆயிரம் பெயர்கள் கொண்ட நினைவிடம். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் இறந்தவர்களுக்குக் கிராஞ்சி. பிரான்ஸில் நியூவ் சாப்பேல். சென்னையில் நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைக்குள் 1914–1918 நினைவுச் சுவர்.

எல்லாருக்கும் ஒரே மரியாதை கிடைக்கவில்லை. மெசபடோமியாவில் இறந்தவர்களுக்கான பாஸ்ரா நினைவிடத்தில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். பிரிட்டிஷாரின் பெயர்கள் கல்லில் ஏறின. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் ஏறின. இந்தியச் சிப்பாய்களோ ரெஜிமெண்டுக்கு இத்தனை பேர் என்று எண்ணாகவே ஏறினார்கள். 2021இல் அந்த ஆணையமே வெளியிட்ட அறிக்கை, 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதையும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் குறிக்கப்படாமல் போனதையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியரும் ஆப்பிரிக்கரும் எகிப்தியரும். பட்டியலில் பெயர் இல்லாதது அவர் சாகவில்லை என்பதற்கோ போகவில்லை என்பதற்கோ ஆதாரம் ஆகாது. பெயர் விடுபட்டதைக் குடும்பம் ஆதாரத்தோடு எழுதினால் ஆணையம் பரிசீலித்துச் சேர்க்கிறது.

ஐ.என்.ஏ. என்ற இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்குத் தேடல் இரண்டாகப் பிரியும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட சிப்பாய்களில் பலர் அதில் சேர்ந்தார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் அவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று வகையாகப் பிரித்தார்கள். இவர்களுக்குப் பழைய ரெஜிமெண்ட் ஏடும் உண்டு, உளவுக் கோப்பும் உண்டு. மலேயாத் தோட்டங்களிலிருந்து நேராகச் சேர்ந்த தமிழர்களுக்கோ ரெஜிமெண்ட் ஏடே கிடையாது. தியாகி பென்சன் கோப்புகளும் டெல்லி ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகளுமே அவர்களுக்கு வழி. அதே தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட பல்லாயிரம் தமிழர்கள் படையினர் அல்லர் என்பதால் எந்த ராணுவப் பட்டியலிலும் இல்லை. அவர்களை ராணுவ ஏட்டில் தேடிக் காலம் கழிக்காமல் தோட்ட ஆவணங்களையும் உறவினர் வாய்மொழியையும் நாட வேண்டும்.

பணம் கட்டிச் சேரும் வம்சாவளி இணையதளங்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் குடும்பங்களுக்காக அமைந்தவை. படைப்பிரிவு தெரியாத நிலையில் அவற்றுக்குச் சந்தா கட்டுவது வீண். கிடைக்கும் ஒவ்வொரு விவரத்துக்கும் அது எந்தக் காகிதத்தில், எந்தப் பக்கத்தில், எந்த அலுவலகத்தில் கிடைத்தது என்று அருகிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாக வந்ததை வாய்மொழி என்றே குறிக்க வேண்டும். பர்மாவில் இருந்தார் என்று பாட்டி சொன்னதும் பர்மா ஸ்டார் பெற்றார் என்று ஏடு சொல்வதும் ஒன்றையொன்று தாங்கும்போதுதான் அது வரலாறாகும்.

நம் பக்கத்து ஊர்களில் பட்டாளத்தார் வீடு என்று இன்னும் பெயர் சொல்லும் வீடுகள் இருக்கின்றன; உள்ளே டிரங்குப் பெட்டியைக் கறையான் தின்றுகொண்டிருக்கிறது. பழைய வீட்டை இடிக்கும்போதும் போகிக்கும் இந்தக் காகிதங்கள்தான் முதலில் தீயில் போகின்றன. ஆகவே தாயே, இந்தத் தடவை ஊருக்கு வரும்போது போனில் டிஸ்சார்ஜ் சீட்டு, மெடல் விளிம்பு, கடித உறை மூன்றையும் இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிடு. ஆச்சி நினைவோடு இருக்கும்போதே அவர் பேச்சைப் பதிவு செய்துவிடு. அதற்கடுத்த வாரமே ரெக்கார்ட் ஆபீசுக்கு லாங் ரோல் கேட்டு ஸ்பீட் போஸ்ட் போடு.

அன்புடன்,
தாத்தா